பாண்டிச்செல்வியின் நெகட்டிவ்

புதுக் கம்ப்யூட்டருக்கு என் ஸ்கேனரை அடையாளமே தெரியவில்லை. வயரைச் சொருகினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. இருபத்திரண்டு வருஷம் என்னோடு உழைத்த மெஷினைப் பார்த்து, நேற்று வந்தது "நீ யார்?" என்று கேட்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டையும் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன். ஆனால் எதிரே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

என் பெயர் ஷர்மிளா. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ என்பதெல்லாம் போர்டில்தான். இப்போது நடப்பது பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன். பழைய கம்ப்யூட்டர் ஐப்பசி முதல் வாரத்து இடியில் கருகிப்போனது. வத்தலகுண்டிலிருந்து புதியது வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ரோகிணி. கிளாவரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. மடியில் அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு பிரேம் இருந்தது. பிரித்துக் காட்டினாள். தண்ணீர் இறங்கி, போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. பிரேமின் முதுகில் எங்கள் ஸ்டூடியோவின் ஸ்டிக்கரும் 2003 என்ற வருஷமும் மட்டும் பத்திரமாக இருந்தன.

"எங்கம்மாங்க. பாண்டிச்செல்வி" என்றாள். "வெள்ளிக்கிழம எனக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலைய மொதல்ல அம்மா படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிடணும், அப்புறந்தான் உடுத்தணும். படம் இப்படி ஆகிப்போச்சுங்கக்கா."

"மழையிலயா?"

"ஓடு வெலகி செவரெல்லாம் ஒழுகிருச்சுங்க. மூணு நாளு. நான் முந்தானையால தொடச்சிக்கிட்டேதான் இருந்தேன். நிக்கவே இல்ல."

இதைக் கேட்டதும் பிரேமை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"வேற போட்டோ எதுவும் இல்லையா?"

"இல்லைங்க. அம்மா சாகறப்ப நான் ஏழு மாசப் புள்ள. உசுரோட இருக்கறப்ப ஒண்ணுகூட எடுக்கல. இது ஒண்ணுதான்." பிரேமைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பெருசாக் குடுங்க, சின்னதாக் குடுங்க. சேலைக் கலர்கூட மாறிட்டுப் போகுது. ஆனா கண்ணு மட்டும் அப்படியே இருக்கணும்க்கா. வீட்டுல எந்த மூலையில நின்னாலும் என்னையத்தான் பாக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"உங்கள எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்கக்கா."

"ரோட்டு மேல கடை வச்சிருக்கேன். பாக்காதவங்கதான் அதிசயம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் வரச் சொல்லி அனுப்பினேன். அவள் பெஞ்சை விட்டு எழுந்து போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஏனென்றால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பல் விழுந்த வயதிலிருந்து தெரியும். அவள் கேட்ட அந்தக் கண்ணும் தெரியும். அது என்னுடையது.

இருபது வயதில், பழனியிலிருந்து வந்து இந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அப்போது முதலாளி அழகுமலை அண்ணன். மேல்மலைக் கிராமங்களில் பலருக்குச் செத்த பிறகுதான் முதல் போட்டோ. ஆள் வந்து சொன்னால் அண்ணன் கேமராவோடு போவார். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, நான்கு படம் எடுப்பார். மிச்ச வேலை என்னுடையது. நெகட்டிவை ஸ்கேன் செய்து, தாடைக்கட்டை எடுத்து, மூக்குப் பஞ்சை எடுத்து, பின்னால் ஒரு நீலத் திரை போட்டு, கடைசியில் கண்ணைத் திறக்க வேண்டும். கண் மூடிய படத்தை யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள்.

கண்ணைத் திறப்பது என்றால், வேறொரு கண்ணை எடுத்து ஒட்டுவதுதான். "பாஸ்போர்ட் போட்டோ கவர்ல எவ கண்ணாச்சும் இருக்கும், எடுத்து வையி" என்பார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தி கண்ணை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பிணத்துக்கு வைப்பது பாவமாகப் பட்டது. அதனால் என் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக்கொண்டேன். நேராகப் பார்க்கிற இரண்டு கண், நல்ல வெளிச்சம். ஆம்பளைகளுக்கு அண்ணன் தன்னுடையதைக் கொடுத்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தோம். டிஜிட்டல் கேமரா வந்து செல்போனும் வரும்வரை, பள்ளங்கியிலிருந்து கிளாவரை வரை முப்பத்தேழு பெண்கள் என் கண்ணோடு சுவரில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த வருஷமே அது தொடங்கிவிட்டது. சீசன் இல்லாத மாதங்களில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கடை நாற்காலியிலேயே கண் அசருவேன். உடனே ஏதாவது ஒரு வீடு தெரியும். நான் போகாத வீடு. எப்போதும் சற்று உயரத்திலிருந்து, ஒரே இடத்திலிருந்து. தலையைத் திருப்ப முடியாது, கீழே குனிந்து பார்க்க முடியாது. சத்தமும் இருக்காது. நான் கொடுத்தது கண்ணைத்தானே, காதைக் கொடுக்கவில்லையே.

முதலில் பல வீடுகள் வந்தன. போகப்போகக் குறைந்தன. யாராவது எதிரே நின்று படத்தை நிமிர்ந்து பார்த்தால்தான் அந்த வீடு வரும் என்று புரிந்துகொண்டேன். செத்தவர்களை ஒரு வருஷத்துக்கு மேல் யார் நின்று பார்க்கிறார்கள்? ஒரே ஒரு வீடு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் நீலக் கதவு. விட்டத்தில் கொத்துக்கொத்தாகப் பூண்டு. ஒரு தகரப் பெட்டி. ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாளும் திரும்பியதில்லை. ஒரு சின்னப் பெண் எனக்கு நேரே வந்து நின்று வாயை அசைத்துக்கொண்டே இருப்பாள். சில நேரம் கிட்டே வந்து, வந்து, அப்படியே கீழே மறைந்துவிடுவாள். எங்கே போகிறாள் என்று தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம், ஏர்வாடிக்குப் போ என்பார்கள். அழகுமலை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அவருக்கும் இருந்திருக்கிறது என்பது கடைசியில்தான் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன வீட்டத்தான் ஷர்மி பாக்குறது, அசதியா இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் போய்விட்டார். அவர் கண்ணை மூட முடியவில்லை. மகள் இரண்டு தடவை இமையை இறக்கிவிட்டாள், இரண்டு தடவையும் மெல்லத் திறந்துகொண்டது. கடைசியில் துணி கட்டித்தான் எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயம் உண்டு.

இந்த ஐப்பசி மழையில், பூண்டு வீடு கலங்க ஆரம்பித்தது. தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல. பிறகு மிக அருகில் ஒரு பெண்ணின் முகம், ஒரு துணி, திரும்பத் திரும்ப என் மேல் வந்து துடைத்தது. மூன்றாம் நாள் இருண்டுவிட்டது. அதற்கடுத்த திங்கட்கிழமைதான் ரோகிணி சாக்கைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

சரி, பேய்க்கதை போதும், வேலையைப் பார்ப்போம் என்று எழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வேலை ஓடும்.

நெகட்டிவ் இருந்தது. அண்ணன் எதைத் தொலைத்தாலும் நெகட்டிவைத் தொலைக்க மாட்டார். பின்னறையில் பிஸ்கட் டின்னுக்குள், 'கிளாவரை – சின்னக்கருப்பன் சம்சாரம்' என்று எழுதிய கவர். சின்னக்கருப்பன் என்பது ரோகிணியின் அப்பா பெயர். அதே டின்னில் என் பாஸ்போர்ட் போட்டோ நெகட்டிவும் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பழைய படமெல்லாம் இடியோடு போய்விட்டதால், இரண்டையும் மறுபடி ஸ்கேன் செய்தாக வேண்டும். ஜெராக்ஸ் மெஷினில் இருக்கிற ஸ்கேனர் காகிதத்தைத்தான் படிக்கும். நெகட்டிவுக்கு மேலிருந்து வெளிச்சம் பாய வேண்டும். அந்த விளக்கு என் பழைய ஸ்கேனரின் மூடிக்குள்தான் இருக்கிறது. ஜன்னலில் நெகட்டிவை ஒட்டிச் செல்போனில் எடுத்துப் பார்த்தேன். சேற்றில் விழுந்த முகம்போல வந்தது. திண்டுக்கல்லில் தெரிந்த லேபுக்குப் போன் போட்டேன். நெகட்டிவா என்று சிரித்தான்.

ஸ்கேனரோடு வந்த சிடி இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் சிடி போடுகிற ஓட்டையே இல்லை. இணையத்தில் தேடி, ஸ்கேனரை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமை இறக்கினேன். இது பழங்காலத்துக்கு எழுதியது, இங்கே ஓடாது என்றது கம்ப்யூட்டர். பாதுகாப்பையெல்லாம் தளர்த்திவிட்டு, ஆஃப் செய்து ஆன் செய்து, மறுபடி போட்டேன். ஏற்றுக்கொள்வதுபோல நடித்துவிட்டு, மறுபடி அதே மஞ்சள் முக்கோணம். திங்கட்கிழமை முழுக்க இந்தக் கூத்துதான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கம்ப்யூட்டர் விற்ற பிரசாந்துக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த ஸ்கேனரத் தூக்கிக் காயலாங்கடையில போடுங்க. புதுசு ஒண்ணு தாரேன்."

"நெகட்டிவ் படிக்கிறது இருக்கா?"

"அது இல்லைங்கக்கா."

"அப்ப என்ன மயித்துக்குத் தூக்கிப் போடச் சொல்ற?"

சிரித்தான். நல்ல பையன். "விண்டோஸ்ல மல்லுக்கட்டாதீங்க. லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, அத பென் டிரைவுல ஏத்தி, அதுலருந்து கம்ப்யூட்டர எழுப்புங்க. அதுக்குப் பழைய மெஷின் எல்லாத்தையும் தெரியும்" என்றான். எப்படி ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பெட்டிக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இறக்குவதற்கு மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கரண்டு போனது. மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

கம்ப்யூட்டர் வேறு முகத்தோடு எழுந்தது. வயரைச் சொருகினேன். ஒரு சின்னக் கட்டத்தில் என் ஸ்கேனரின் பெயர், நம்பர் பிசகாமல் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பட்டனை அழுத்தினேன். கறகறவென்று உள்ளே எலும்பு நொறுங்குவதுபோல ஒரு சத்தம். போன வருஷம் கடைக்கு வெள்ளையடித்தபோது, ஸ்கேனரை நகர்த்த அடியில் இருக்கிற பூட்டைப் போட்டிருந்தேன். அதைத் திறக்க மறந்த புத்திசாலி நான்தான். பூட்டைத் திறந்தபின், ஒரு ஆதார் அட்டையை வைத்தேன். சுத்தமாகப் படித்தது. நெகட்டிவை வைத்தால் மட்டும், விளக்கு எரியும், ஒரு அங்குலம் நகரும், நின்றுவிடும். இருபது தடவை. இருபது தடவையும் அதே இடம்.

பார்க்க மாட்டேன் என்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த மத்தியானம் கண் அசந்தபோது வீடு எதுவும் வரவில்லை. இருட்டு மட்டும் வந்தது. இருட்டுக்குள் யாரோ மூச்சு விடாமல் காத்திருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் தலைமாட்டில் மஞ்சளாக, ரூபாய் வில்லை அகலத்துக்கு ஒரு திட்டு. நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்போம். மற்றதுக்கெல்லாம் வெளியே வைப்பது. ஸ்கேனருக்கு மட்டும் மூடியைத் திறந்து, கண்ணாடியிலேயே நெற்றிபோல மேல் விளிம்பில் வைக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். "பொணத்தப் பாக்குற மெஷினு. அதுக்குத்தான் மொதப் பொட்டு" என்பார். அப்போதெல்லாம் மறுநாள் துடைத்துவிடுவேன். நெகட்டிவ் வேலை நின்றதிலிருந்து துடைப்பதில்லை, வருஷா வருஷம் அதன் மேலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நெகட்டிவைப் படிக்கும் முன் மெஷின் அந்த இடத்தில்தான் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதைச் சந்தனத்தால் அடைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திட்டியிருக்கிறேன்.

ஊக்கின் முனையால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தேன். நெகட்டிவை வைத்து மூடினேன்.

விளக்கு ஊர்ந்தது. நிற்கவில்லை.

திரையில் மேலிருந்து வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் பூ. பிறகு வகிடு. நெற்றி. இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு. நான் இருபது வயதில் பார்க்காத தழும்பு. அந்தக் காலத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேதான் வேலை செய்வேன், பயம். புருவம் முடிந்து இமை வந்தது. மூடிய இமை. நீளமான, நெருக்கமான இமைமயிர்.

"இது யாருக்கா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். ரோகிணி. வளையல் வாங்குவதற்காக முன்னாடியே வந்துவிட்டாளாம். திரையை அணைத்திருக்கலாம். கை போகவில்லை.

"உங்கம்மா."

"கண்ண மூடியிருக்காங்க."

"செத்த பெறகு எடுத்த படம்மா இது."

"அது தெரியும்ங்க. அப்பா சொல்லியிருக்கு." அவள் குரல் இறங்கிப்போனது. "ஆனா கண்ணு... கடைசியா என்னையப் பாத்துக்கிட்டே செத்துருக்காங்க, அதான் மூடலன்னு நெனச்சிருந்தேன்."

இருபத்திரண்டு வருஷம் அந்த நினைப்பில்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். அதை ஊட்டியது என் கை. நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண் மூடிய படத்தை மாட்ட மாட்டார்கள் என்பதை, நாங்கள் திறந்ததை, யாருடைய கண் அது என்பதை.

அவள் கிட்டே வந்து, என் மூக்குக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். என் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், அசையாமல் நின்றாள். வழக்கமாக அவள் நிற்கிற மாதிரியேதான்.

"அப்ப நான் இத்தன நாளு சொன்னதெல்லாம்..."

"எனக்கு எதுவும் கேக்காதும்மா. பாக்க மட்டுந்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாய் முந்திவிட்டது.

"என்ன பாத்தீங்க?"

இனி மறைத்து ஆவதென்ன? "நீலக் கதவு. மேல பூண்டு. உனக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்துலருந்து ஓடியாந்து கதவச் சாத்துன. பாவாடையில ரத்தம். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம, படத்துக்கு நேரா நின்னு, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுன. அன்னைக்கு எனக்கு எந்திரிச்சு வரணும்போல இருந்துச்சு, ரோகிணி. கண்ணு மட்டுந்தான அங்க இருந்துச்சு. நான் என்ன செய்வேன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன். வாசலில் ஒரு டூரிஸ்ட் வந்து பென் டிரைவ் இருக்கிறதா என்று கேட்டான். போய்யா என்று விரட்டினேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மேசையில் இருந்த இன்னொரு நெகட்டிவை அவளிடம் காட்டினேன். "இது என் போட்டோ. இப்ப மெஷின் ஓடுது. அதே கண்ணு, அதே மாதிரி பத்து நிமிஷத்துல வச்சிருவேன். உனக்கு எது வேணுமோ சொல்லு."

அவள் திரையையே பார்த்தாள். விரலை நீட்டி, அந்தப் புருவத் தழும்பைத் தொட்டாள்.

"எங்கம்மா மொகத்த இப்பத்தாங்க பாக்குறேன்" என்றாள். "தெறக்க வேணாம். இருபத்திரெண்டு வருசமா தூங்க விடாம வச்சிருக்கோம். தூங்கட்டும்."

"கண்ணு மூடுன படத்துக்கு முன்னாடி சேலைய வைக்கக் கூடாதும்பாங்களே."

"பாக்குறதுக்கு நீங்க வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரம்." இதை அழைப்பாகச் சொல்லவில்லை. எனக்கு அது கடமை என்பதுபோலச் சொன்னாள்.

தாடைக்கட்டையும் பஞ்சையும் மட்டும் எடுத்துவிட்டுப் பிரிண்ட் போட்டேன். பிரேமில் வைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியான பஸ். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி தாண்டிக் கிளாவரையில் இறங்கியபோது நாலரை மணி. வழி கேட்கவில்லை. பந்தல் போட்டிருந்தது, அதனால்தான் தெரிந்தது என்று சொல்லிக்கொண்டேன். நீலக் கதவின் வாசற்படி உள்பக்கம் ஒரு சாண் பள்ளம். புதிதாக வருகிறவர்கள் தடுக்குவார்கள். நான் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு ஆள், வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே தலையைக் குனிந்து, சட்டென்று திரும்பிக்கொண்டார். அந்த முதுகை எனக்குத் தெரியும்.

"அப்பா, இவுகதான்" என்றாள் ரோகிணி.

"தெரியுது தாயி" என்றார் சின்னக்கருப்பன், திரும்பாமலே. "அது அவ கண்ணு இல்லைன்னு படத்த மாட்டுன அன்னைக்கே தெரியும். கட்டுனவனுக்குத் தெரியாதா? நாந்தான் அழகுமலைகிட்டத் தெறந்து குடுக்கச் சொன்னேன், புள்ளைக்கு வேணுமேன்னு. ஆனா வேத்துப் பொம்பள பாத்துக்கிட்டு இருக்கறப்ப எனக்குச் சோறு எறங்கல. அதான் திரும்பியே உக்காந்துக்குவேன். தப்பா நெனச்சுக்காதீக."

தன் வீட்டில், தன் சோற்றை, இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றிருக்கிறார். நான் தப்பாக நினைக்கவா?

விளக்கேற்றினார்கள். புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டியிருந்தார்கள். கீழே மணையில் முகூர்த்தச் சேலை, வெற்றிலை பாக்கு, மல்லிகை. ரோகிணி விழுந்து கும்பிட்டாள். எழுந்து என் பக்கம் திரும்பி, சேலைத் தட்டை என் கையில் கொடுத்து, என் காலைத் தொட்டாள். தட்டை வாங்கும்போதுதான் நிமிர்ந்து எதிரே பார்த்தேன்.

அந்த வீட்டில் எல்லாச் சுவரும் எனக்குத் தெரியும். இது ஒன்றைத்தான் நான் பார்த்ததே இல்லை. நான் இருந்த சுவர்.

படத்துக்குக் கீழே வெள்ளையில் எண்ணெய்க் கறை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில், மேலே மேலே ஏறிப் பிரேமின் அடிவரை வந்திருந்தது. தலையில் எண்ணெய் வைத்த ஒரு குழந்தை, நெற்றியைச் சாய்த்துச் சாய்த்து, வளர வளரப் பதித்த கறை. கிட்டே வந்து கீழே மறைந்துவிடுவாளே, எங்கே போகிறாள் என்று தெரியாமல் இருந்தேனே. இங்கேதான் இருந்திருக்கிறாள். அவள் சாய்ந்திருந்ததை மட்டும் என்னால் பார்க்கவே முடிந்ததில்லை.

அவளைப் பிடித்து இழுத்து, நெற்றியை என் தோளில் வைத்துக்கொண்டேன். மல்லிகை வாசம் வந்தது, தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

ஏழு மணிக்குப் பந்தி. எல்லாரும் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். சின்னக்கருப்பன் மட்டும் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்தச் சுவரைப் பார்த்து, தன் பெண்டாட்டி முகத்துக்கு நேராக, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு வைத்தார்கள். அவர் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஒரு கவளம் எடுத்தார். நான் எழுந்து, அவர் கண்ணில் படாமல், அடுப்படிப் பக்கம் தள்ளி நின்றுகொண்டேன்.